விறகுக்கு சுவிட்ச் கிடையாது!

கார்த்திகை, மார்கழி வந்துவிட்டால் உத்திரமேரூர் சுற்றுவட்டாரக் கிராமங்களில் விடிகாலையிலேயே ஒரு வாசனை கிளம்பும். சவுக்கு மிலாறும் தென்னை மட்டையும் எரிகிற வாசனை. கொல்லைப்புறத்திலோ, குளியலறையை ஒட்டிய தாழ்வாரத்திலோ வெந்நீர் பாய்லரை மூட்டியாச்சு என்று அர்த்தம். ‘கீஸர் இருக்கே, எதுக்கு இந்தப் புகையும் கரியும்?’ என்று கேட்கிறவர்கள்கூட, கரண்ட் போன அன்றைக்கு பாய்லர் பக்கம்தான் வந்தாகணும். மட்டை, பாளை, கொட்டாங்கச்சி எல்லாம் தோட்டத்திலேயே கிடைக்கிறது. காசு செலவில்லை. நல்ல விஷயம்தான்.

ஆனால் கீஸருக்கும் விறகு பாய்லருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கீஸருக்குள் தெர்மோஸ்டாட் என்று ஒரு கருவி இருக்கிறது. நாம் வைத்த அளவுக்குச் சூடு ஏறியதும் அதுவே மின்சாரத்தை நிறுத்திவிடும். விறகுக்கு அந்த புத்தி கிடையாது. உள்ளே போட்டது எரிந்து, தணலாகி, தணலும் நீறு பூத்து அடங்கும் வரைக்கும் சூடு ஏறிக்கொண்டேதான் இருக்கும். நடுவில் ‘போதும், நிறுத்து’ என்று சொல்ல சுவிட்ச் இல்லை. ஆகவே பாய்லர் அளவுக்கு மீறிக் காயாமல் பார்த்துக்கொள்ளும் வேலையைத் தீ மூட்டுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். மூட்டின பிறகு யோசிக்கலாம் என்றால் அது காலம் கடந்த யோசனை.

அதிகமாகக் காய்ந்தால் என்ன ஆகும்?

மூன்று ஆபத்துகள் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, கொதிநீர். குளிக்க நமக்கு வேண்டியது 40 டிகிரி சென்டிகிரேட் சூடு. 60 டிகிரி நீர் 5 விநாடி பட்டாலே போதும், பெரியவர்களின் தோல்கூட ஆழமாக வெந்துவிடும். குழந்தையின் தோல் மெல்லியது. அதற்கு அந்த நேரம்கூட வேண்டாம். கொதிக்கிற நீர் என்றால் பட்டதும் புண்தான்.

இரண்டாவது, நீர் வற்றிப்போன வெறும் பாய்லர். காகிதக் கப்பில் நீர் ஊற்றி மெழுகுவர்த்திச் சுடரில் காட்டும் சோதனையைப் பள்ளிக்கூடத்தில் பார்த்திருப்பீர்கள். நீர் இருக்கும் வரை கப் எரியாது. காகிதத்தில் ஏறும் சூட்டை நீர் உடனுக்குடன் வாங்கிக்கொள்கிறது. பாய்லரிலும் இதே கதைதான். விறகுத் தீயின் சூடு 600 டிகிரிக்கு மேல் போனாலும், உள்ளே நீர் நிற்கும் வரை தாமிரத் தகடு 100 டிகிரியை ஒட்டியே இருக்கும். நீர் வற்றிவிட்டால் அந்தக் காவல் போய்விடும். தாமிரம் உருக 1,085 டிகிரி வேண்டும் என்பது உண்மை. ஆனால் தகடுகளை இணைத்துப் பற்றவைத்த ஈயப் பற்று 200 டிகிரியை நெருங்கும்போதே இளகிவிடும். அப்புறம் ஒழுகல், விரிசல் எல்லாம் வரிசையாக வரும்.

மூன்றாவது, நீராவி. மூன்றிலும் கொடியது இதுதான். ஒரு லிட்டர் நீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். வெளியே போக வழி இருந்தால் புஸ்ஸென்று போய்விடும். வழியை அடைத்துவிட்டால்? கணக்கைப் பாருங்கள். பிரஷர் குக்கருக்குள் உண்டாகும் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் ஒரு கிலோ. அதே அழுத்தம் ஒரு அடி அகலமுள்ள பாய்லர் மூடியை முட்டினால், மொத்தம் சுமார் 700 கிலோ எடை கீழேயிருந்து தள்ளுவதற்குச் சமம்! குக்கர் அதைத் தாங்குவதற்கென்றே கெட்டியாகச் செய்த பாத்திரம். போதாததற்கு வெயிட்டும் உண்டு, பாதுகாப்பு வால்வும் உண்டு. நம் பாய்லர் மெல்லிய தகட்டில் அடித்தது. அது தாங்காது.

ஏரிக்குக் கலங்கல், பாய்லருக்கு ஆவி வழி

உங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். காஞ்சிபுரம் வட்டாரமே ஏரிகளின் சீமை. உத்திரமேரூர்க் கல்வெட்டு என்றதும் எல்லோரும் குடவோலைத் தேர்தலைச் சொல்வார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டிய அந்தக் கல்வெட்டுகளில் ‘ஏரி வாரியம்’ என்ற குழுவும் வருகிறது. ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஆண்டுதோறும் ஆள் தேர்ந்தெடுத்தார்கள். எந்த ஏரியானாலும் கரை எவ்வளவு உயரம் என்பது மட்டும் போதாது. மிஞ்சின நீர் வழிந்து போகக் கலங்கல் திறந்திருக்கணும். கலங்கலை அடைத்தால் கரை உடையும்.

பாய்லருக்கும் கலங்கல் உண்டு. அது எங்கே இருக்கிறது என்பது பாய்லரின் வகையைப் பொறுத்தது.

புனல் வைத்த தாமிர பாய்லர்: மேலே புனலில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால், அது அடிக்குப் போய், அதே அளவு வெந்நீரை மேலே உள்ள மூக்கு வழியாக வெளியே தள்ளும். நல்ல அமைப்பு. எவ்வளவு எடுத்தாலும் பாய்லர் காலியாகாது. இதில் அந்த மூக்குதான் கலங்கல். ‘சொட்டிக்கிட்டே இருக்கு’ என்று அதில் துணியைத் திணிப்பது, கட்டை அடிப்பது, குழாய் வைத்து மூடுவது எதுவுமே கூடாது.

அடியில் குழாய் வைத்த பாய்லர்: இதில் குழாயைத் திறந்து கடைசிச் சொட்டு வரை எடுத்துவிட முடியும். தணல் மிச்சமிருக்கும்போது அப்படி எடுத்தால் வெறும் பாய்லர் காயும். இங்கே கலங்கல் மேல் மூடி. அது லேசாக உட்கார வேண்டும். சூடு போகக்கூடாது என்று அதன் தலையில் கல்லைத் தூக்கி வைக்காதீர்கள்; கம்பி போட்டுக் கட்டாதீர்கள்.

மாடித் தொட்டியோடு இணைத்த பாய்லர்: இப்போது பல வீடுகளில் வருவது இதுதான். தொட்டியிலிருந்து குளிர்ந்த நீர் அடியில் இறங்கும். மேலேயிருந்து வெந்நீர் குளியலறைக் குழாய்க்குப் போகும். வசதிதான். ஆனால் எல்லாக் குழாயையும் மூடினால் பாய்லரும் மூடிய பாத்திரம் ஆகிவிடும். ஆகவே பாய்லரின் உச்சியிலிருந்து ஒரு தனிக் குழாய் கிளம்பி, தொட்டியின் நீர்மட்டத்தைவிட உயரமாகப் போய், வானம் பார்த்தபடி திறந்திருக்க வேண்டும். இதுதான் ஆவிக் குழாய். இதன் வழியில் எங்கேயும் வால்வு இருக்கக் கூடாது. வாயைச் சற்றே வளைத்து, மெல்லிய கம்பி வலை கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் குளவி வந்து மண்கூடு கட்டும்! கோடையில் கட்டின கூடு, குளிர்காலத்தில் நீங்கள் பாய்லரை மூட்டும் வரை யார் கண்ணிலும் படாது.

‘குளவிக்கூட்டுக்குப் போய் இவ்வளவு பயமா?’ என்கிறீர்களா? 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், கடுங்குளிரில் குழாய் நீர் பனிக்கட்டியாக உறைந்து வழி அடைபட்டதால், சமையலறை அடுப்போடு சேர்ந்த பாய்லர்கள் வெடித்து வீட்டிலிருந்தவர்கள் பலியானதுண்டு. அங்கே பனிக்கட்டி, இங்கே மண்கூடு. வழி அடைபட்டால் விளைவு ஒன்றுதான்.

இன்னொன்றும் கவனிக்கணும். வெந்நீர் போகும் வழியில் சாதாரண பி.வி.சி. குழாயைப் போடாதீர்கள். 60 டிகிரியிலேயே அது தொய்ய ஆரம்பித்துவிடும். வெந்நீருக்கென்றே சி.பி.வி.சி. குழாய் கிடைக்கிறது. பாய்லரை ஒட்டிய சில அடிகளுக்கும், ஆவிக் குழாய்க்கும் இரும்புக் குழாயோ தாமிரக் குழாயோதான் நல்லது.

நீரைப் பார், பிறகு தீயை மூட்டு

‘நேற்று நிரப்பினதுதானே, இருக்கும்’ என்ற நினைப்பு வேண்டாம். தினமும் பார்த்தாகணும். புனல் பாய்லரா? ஒரு சொம்பு நீர் ஊற்றுங்கள். மூக்கில் வழிந்தால் நிரம்பியிருக்கிறது. தொட்டி இணைப்பா? வெந்நீர்க் குழாயைத் திறந்து, நீர் தடையில்லாமல் வருகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் மூட்டுங்கள். இரவு முழுக்க கரண்ட் இல்லாமல், மோட்டார் போடாமல், தொட்டி காலியாக இருக்கும் காலைகளில் இந்தச் சின்னச் சோதனை பாய்லரையே காப்பாற்றும்.

அடிக்குழாய் பாய்லர் உள்ளவர்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாளி எடுத்தால் உடனே ஒரு வாளி ஊற்றணும். வீட்டில் எல்லோருக்கும், வேலைக்கு வருபவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

விறகையும் அளந்து போடுங்கள்

அரிசியை ஆழாக்கு, படி என்று அளக்கிறோம். பாய்லர் விறகை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு திணிக்கிறோம். இதுவும் அளவு உள்ள விஷயம்தான்.

ஒருவர் குளிக்க 20 லிட்டர் வாளி ஒன்று போதும் என்று வைத்துக்கொள்வோம். 60 டிகிரி வெந்நீர் 8 லிட்டரும், மீதி பச்சைத் தண்ணீரும் விளாவினால் பதமான 40 டிகிரி வந்துவிடும். நான்கு பேருக்கு 32 லிட்டர். காய்ந்த விறகின் சூட்டில் மூன்றில் ஒரு பங்குதான் நீரில் ஏறுகிறது, மீதி புகைபோக்கி வழியே போகிறது என்று வைத்தாலும், இதற்குச் சுமார் ஒரு கிலோ விறகு போதும். நீர் தளதளவென்று கொதிக்க வேண்டிய அவசியமே இல்லை. ‘கொதித்தால் கொஞ்சம் விளாவினால் போதுமே, லாபம்தானே?’ என்று கேட்கலாம். லாபம் இல்லை. வாளிக்கு வேண்டிய சூடு இரண்டிலும் ஒன்றுதான். கொதிக்கவைத்தால் ஆவியாகப் போகும் நஷ்டம்தான் கூடும். ஆபத்து கூடுவது தனி.

உங்கள் பாய்லருக்கு எவ்வளவு என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். மூன்று நாள் விறகை எடை போட்டு எரியுங்கள். தணல் அடங்கியதும் சூட்டை அளந்து எழுதுங்கள். 110 டிகிரி வரை காட்டும் சாதாரணத் தெர்மாமீட்டர் ஒன்று போதும் (காய்ச்சல் பார்ப்பது உதவாது, உடைந்துவிடும்). 60 டிகிரியை ஒட்டி வந்த நாளின் அளவுதான் உங்கள் வீட்டு அளவு. அந்த அளவு பிடிக்கும் ஒரு கூடையை பாய்லர் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். ‘காலையில் ஒரு கூடை, அவ்வளவுதான்’ என்பது வீட்டுச் சட்டம்!

எல்லா விறகும் ஒன்றல்ல. மட்டையும் பாளையும் குபீரென்று எரிந்து சீக்கிரம் அடங்கும். கொட்டாங்கச்சி மூர்க்கமாக எரியும். தணலும் வெகுநேரம் நிற்கும். வேலிகாத்தான் கட்டையும் அப்படியே. மூட்டுவதற்கு மட்டை, சூட்டுக்கு அளவான கட்டை என்று பழகுங்கள். தணலின் சூடு பிறகும் ஏறும் என்பதால், நீர் கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே விறகு போடுவதை நிறுத்திவிட வேண்டும்.

தீபாவளி எண்ணெய்க் குளியல், கல்யாண வீடு, பிள்ளை பெற்ற வீடு... இந்த நாட்களில்தான் கூடைக் கணக்கு தவறும். போகிறவர் வருகிறவர் எல்லாம் ஆளுக்கு ஒரு கட்டையைத் தள்ளிவிட்டுப் போவார்கள். அன்றைக்கு மட்டும் பாய்லருக்கு ஒரே ஒரு பொறுப்பாளரை வையுங்கள். அவரைத் தவிர வேறு யாரும் விறகைத் தொடக்கூடாது.

விளாவும் முறை

வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். இந்த வரிசை மாறவே கூடாது. வெந்நீரை முதலில் பிடித்து வைத்துவிட்டு, பச்சைத் தண்ணீர் எடுக்கத் திரும்பும் அந்த அரை நிமிடத்தில்தான் குழந்தை வாளியைப் பிடித்து எழுந்து நிற்கும்.

கைக்குழந்தைக்கு 37, 38 டிகிரி போதும். உள்ளங்கை சூட்டுக்குப் பழகிப்போனது, ஏமாற்றும். முழங்கையை நனைத்துப் பாருங்கள். சர்க்கரை நோய் வெகுகாலமாக உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். சுடுவதே தெரியாமல் கொப்புளம் வந்துவிடும். புண் ஆறவும் நாளாகும். இவர்களுக்கு வீட்டில் வேறொருவர் விளாவித் தரணும். வயதானவர்கள் மிகச் சூடான நீரில் வெகுநேரம் குளித்தால் ரத்தக்குழாய்கள் விரிந்து, ரத்த அழுத்தம் இறங்கி, தலைசுற்றி விழக்கூடும். பிரசவமான பெண்ணுக்குக் ‘கொதிக்கக் கொதிக்க ஊற்றினால்தான் உடம்பு தேறும்’ என்பதும் தவறு. இதமான சூடே போதும்.

பாய்லர் நீரைக் குடிக்கவோ, சமைக்கவோ, குழந்தைக்குப் பால் கலக்கவோ எடுக்காதீர்கள். பற்றவைத்த ஈயம் வெந்நீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

புகையும் விஷம்தான்

பாய்லர் குளியலறைக்குள்ளேயே இருக்கிறதா? கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு குளிப்பது ஆபத்து. காற்று போதாமல் எரியும் விறகும் கரியும் கார்பன் மோனாக்சைடு வாயுவை உண்டாக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, குமட்டல், மயக்கம் என்று ஆரம்பித்து உயிரையே வாங்கிவிடும். புகைபோக்கி கூரைக்கு மேல் போகணும், ஜன்னல் திறந்திருக்கணும். முடிந்தால் பாய்லரைத் தாழ்வாரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

மீறிக் காய்ந்துவிட்டால்...

‘கட கட’வென்று சத்தம், மூடி ஆடுவது, மூக்கிலிருந்து கொதிநீர் தெறிப்பது இவையெல்லாம் எச்சரிக்கை. பதறாமல் இப்படிச் செய்யுங்கள்:

• முதலில் குழந்தைகளை அப்புறப்படுத்துங்கள்.

• சாம்பல் கதவை மூடிக் காற்றை நிறுத்துங்கள். எரியும் கட்டைகளை இடுக்கியால் இழுத்து மணலில் போடுங்கள். மிச்சத் தணல் மேல் சாம்பலையோ உலர்ந்த மணலையோ தூவுங்கள்.

• அடுப்புக்குள் தண்ணீரை வீசாதீர்கள். ஆவியும் சுடுசாம்பலும் முகத்தில் அடிக்கும்.

• நீர் வற்றிவிட்டது என்ற சந்தேகம் இருந்தால் உள்ளே தண்ணீரே ஊற்றாதீர்கள். பழுக்கக் காய்ந்த தகட்டில் பட்ட நீர் ஒரே நொடியில் ஆவியாகிச் சீறும். முழுக்க ஆறும் வரை விட்டுவிடுங்கள்.

• மூடியைத் திறந்து எட்டிப் பார்க்காதீர்கள்.

• ஆவி வழி அடைத்திருக்கிறது என்று தோன்றினால் தீயைக்கூடத் தொட வேண்டாம். எல்லோரும் தூரப் போய்விட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

ஐரோப்பாவில் விறகு பாய்லர்களுக்கு ஒரு வால்வு வைக்கிறார்கள். சூடு 95 டிகிரியை ஒட்டி வந்ததும் அதுவே திறந்து, குளிர்ந்த நீரை ஓடவிட்டுச் சூட்டைத் தணிக்கும். நம் வீட்டில் அந்த வால்வின் வேலையைச் செய்ய வேண்டியவர் நீங்கள்தான்.

சுட்டுக்கொண்டால்

ஓடும் குழாய் நீரில் புண்பட்ட இடத்தை 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். வளையல், மோதிரம், அரைஞாண் இவற்றை வீங்குவதற்குள் கழற்றிவிடுங்கள். ஈரத்துணியை அகற்றலாம், தோலோடு ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். பற்பசை, மை, இட்லி மாவு, எண்ணெய் எதுவும் வேண்டாம். கொப்புளத்தைக் குத்தாதீர்கள். சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவரிடம் போங்கள். குழந்தை, முதியவர், முகம், கை, பிறப்புறுப்பு, உள்ளங்கை அளவைவிடப் பெரிய புண் என்றால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். பெரிய தீப்புண்களுக்குச் சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தனிப் பிரிவே இருக்கிறது. ஆனாலும் அந்த முதல் 20 நிமிடத் தண்ணீரை உங்கள் வீட்டில்தான் ஊற்ற முடியும்.

இன்ஸ்பெக்டர் நீங்கள்தான்!

ஆலை பாய்லர்களை அரசு இன்ஸ்பெக்டர் வந்து சோதித்துச் சான்று தருவார். 1923-ல் வந்த இந்திய பாய்லர் சட்டம் அப்படி வகுத்தது. அதற்குப் பதிலாக 2025-ல் வந்த பாய்லர் சட்டமும் அப்படியே. ஆனால் நீரை 100 டிகிரிக்குக் கீழேயே சூடாக்கும் பாத்திரங்கள் இந்தச் சட்டத்துக்குள் வராது. ஆகவே உங்கள் வீட்டு பாய்லரைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள்.

மாதம் ஒருமுறை, பாய்லர் ஆறியிருக்கும்போது, நீங்களே ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். மூக்கிலும் ஆவிக் குழாயிலும் அடைப்பு உண்டா? மூடி லேசாக உட்காருகிறதா? பற்றவைத்த இடத்தில் பச்சைக் களிம்போ, கசிவோ தெரிகிறதா? புகைபோக்கியில் கரி அடைந்திருக்கிறதா? போர் நீர் உப்பாக இருந்தால் அடியில் சுண்ணாம்புப் பொருக்குக் கட்டியிருக்கும். அந்தப் பொருக்கு தகட்டுச் சூட்டை நீருக்குப் போகவிடாது. நீர் இருக்கும்போதே தகடு காயும். எலுமிச்சைச் சாறோ வினிகரோ கலந்த நீரை ஓர் இரவு ஊறவைத்து, அலசிக் கொட்டுங்கள். கழிவறை கழுவும் ஆசிட் கூடவே கூடாது. ஒழுகல் கண்டால் எம்-சீல் அப்பி ஓட்டாமல், பற்றவைக்கத் தெரிந்த பாத்திரக்காரரிடம் கொடுங்கள்.

நிரம்பிய நீர், திறந்த வழி, அளந்த விறகு. இந்த மூன்றும் சரியாக இருந்தால் பாட்டி காலத்து பாய்லர் பேரன் பேத்தி காலத்துக்கும் உழைக்கும். நாளைக் காலை தீக்குச்சியைக் கிழிப்பதற்கு முன் மூன்றையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலைதான்.